ஐந்து அறைப் பெட்டியும் ஆங்கிலச் சொல் அட்டைகளும்

சென்ற வெள்ளிக்கிழமை இரவு என் தங்கை தன் ஆங்கிலச் சொல் அட்டைப் பெட்டியின் கடைசி அறையிலிருந்து, பார்க்காமலே 50 அட்டைகளை உருவி என் கையில் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்கச் சொன்னாள். அட்டையின் முன்பக்கத்தில் இருந்த தமிழ்ச் சூழலை நான் படிக்க, அதற்குரிய ஆங்கில வாக்கியத்தை அவள் சொல்ல வேண்டும். 41 அட்டைகளுக்குத் தடுமாறாமல் சொன்னாள். 5 அட்டைகளில் சொல் சரியாகவும் வாக்கியம் தவறாகவும் வந்தது. 4 அட்டைகள் நினைவிலேயே இல்லை. ஆங்கிலச் சொற்களைக் கற்க இதே வீட்டில் இதற்கு முன் எடுத்த இரண்டு முயற்சிகள் பாதியில் நின்றன. மூன்றாவதுதான் இது, இதுவும் ஒருமுறை நின்றுபோய், மறுபடி தொடங்கியது. எங்கே நின்றது, எதை மாற்றியபின் ஓடியது என்பதை அளவுகளோடு எழுதி வைக்கிறேன்.

நான் ஆங்கில ஆசிரியன் அல்லன். கோவையில் மோட்டார், பம்பு பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். புதிய பம்புகளோடு வரும் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன என்பதால் எனக்கும் இந்தத் தேவை உண்டு. தங்கை தமிழ் வழியில் பத்தாம் வகுப்பு வரை படித்தவள்; நாற்பதைத் தாண்டிய வயதில் ஒரு சிறிய மருத்துவமனையின் முன்மேசையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறாள். மகள் பி.காம். முடித்துவிட்டு நேர்காணல்களுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரே வீட்டில் மூன்று பேருக்கு மூன்று நிலை என்பதுதான் தொடக்கத்திலிருந்தே சிக்கலாக இருந்தது.

முதல் முயற்சி, அகராதியும் குறிப்பேடும். ஆளுக்கொரு 45 ரூபாய்க் குறிப்பேடு வாங்கி, அகராதியை முதல் பக்கத்திலிருந்து திறந்து, நாளுக்குப் பத்துச் சொற்கள் என்று எழுதத் தொடங்கினோம். பதினோரு நாளாகியும் 'ஏ' எழுத்தைத் தாண்டவில்லை. அகர வரிசையில் அடுத்தடுத்து வரும் சொற்கள் பார்வைக்கும் ஒலிக்கும் ஒன்றுபோலவே இருப்பதால், ஒன்றைப் படிக்கும்போது பக்கத்துச் சொல் வந்து குறுக்கே நிற்கிறது. தத்தெடுப்பதற்கு ஒரு 'அடாப்ட்', சூழலுக்கு ஏற்ப மாறிக்கொள்வதற்கு இன்னொரு 'அடாப்ட்'. ஆங்கிலத்தில் நடுவில் ஓர் உயிரெழுத்துதான் வேறுபாடு, தமிழில் எழுதினால் அதுவும் இல்லை. இரண்டையும் ஒரே நாளில் எழுதிய மூவருக்கும் இன்றுவரை அந்த இணையில் தயக்கம் உண்டு.

இரண்டாவது முயற்சி கைப்பேசிச் செயலி. ஆயிரக்கணக்கான சொற்களைக் கொண்ட ஆயத்தத் தொகுப்பு ஒன்றை மகள் இறக்கித் தந்தாள். அதில் வந்த வாக்கியங்களில், வாசலில் குவிந்த பனியை மண்வெட்டியால் வாரும் மனிதர்கள் அடிக்கடி வந்தார்கள். தங்கையின் முன்மேசைக்கு வருபவர்கள் ஒருவரும் வரவில்லை. பன்னிரண்டாம் நாள் அவளே அதை நீக்கிவிட்டாள்.

அதன்பிறகுதான், சொல் சேர்ப்பதற்கு முன் இருப்பை அளந்து பார்க்க வேண்டும் என்று தோன்றியது. பட்டறையில் அளக்காமல் எதையும் கழற்றமாட்டோம், இங்கே மட்டும் அதைச் செய்யாமல் விட்டிருந்தோம். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில மொழி ஆசிரியர் 1953-இல் வெளியிட்ட, ஏறக்குறைய 2000 ஆங்கிலச் சொற்கள் கொண்ட பொதுப் பயன்பாட்டுப் பட்டியலைப் புதுப்பித்து, 2013-இல் ஏறக்குறைய 2800 சொற்களோடு ஒரு புதிய பட்டியலை வெளியிட்டிருக்கிறார்கள். இலவசமாகக் கிடைக்கும் அந்தப் பட்டியலைப் பயன்பாட்டு வரிசையில் 24 பக்கங்களாக அச்செடுத்து, ஒவ்வொரு நாற்பதாவது சொல்லையும் வட்டமிட்டேன். 70 சொற்கள் கிடைத்தன. ஒருவருக்கு எத்தனை தெரியுமோ அதை நாற்பதால் பெருக்கினால், பட்டியலில் அவருக்கு எத்தனை தெரியும் என்ற ஒரு தோராயக் கணக்கு வரும்.

மகள் 61 சொற்களுக்குக் குறியிட்டாள், கணக்குப்படி 2440. நான் 52, அதாவது 2080. தங்கை 27, அதாவது 1080. அன்று இரவு எனக்கு அந்தக் கணக்கில் நம்பிக்கை வரவில்லை. எனவே மறுநாள் அதே 70 சொற்களை இரண்டு வகையில் மாற்றிச் சோதித்தேன். மகளிடம், குறியிட்ட ஒவ்வொரு சொல்லையும் வைத்து ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். 61 என்பது 44 ஆக இறங்கிற்று. தங்கையிடம் தாளைக் கொடுக்காமல், நானே வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். 27 என்பது 41 ஆக ஏறிற்று. 'ஆர்டர்', 'மேனேஜ்', 'அட்ஜஸ்ட்', 'சீரியஸ்' போன்றவற்றை அவள் தமிழ்ப் பேச்சிலேயே நாள்தோறும் சொல்கிறாள். எழுத்தில் பார்த்தால் அது இதுதான் என்று அடையாளம் தெரியவில்லை, அவ்வளவே. மொழித்திறனை அளக்க ஐரோப்பிய மன்றம் 2001-இல் வெளியிட்ட ஏ1 முதல் சி2 வரையிலான ஆறு படிகளில் தங்கையை முதல் படியிலும் மகளை நான்காம் படியிலும் வைத்து, அட்டைகளை அதன்படி பிரிக்கலாம் என்று நினைத்திருந்தேன். காதுக்கு ஒரு படி, கண்ணுக்கு ஒரு படி, நாக்குக்கு ஒரு படி என்று ஒரே ஆளிடம் மூன்று படி இருக்கும்போது அந்தப் பிரிப்பு உதவவில்லை.

ஆனாலும் உடனே திருந்திவிடவில்லை. தொடக்க நிலைக்குச் சிறிய பட்டியல் போதும் என்று எண்ணி, சி. கே. ஆக்டன் 1930-இல் வகுத்த 850 சொல் 'பேசிக் இங்கிலீஷ்' பட்டியலைத் தங்கைக்குக் கொடுத்தேன். அதில் வினையாக இயங்கும் சொற்கள் 18 மட்டுமே. சுமை குறைவு என்று நினைத்தேன்; நடந்தது வேறு. சொற்களின் எண்ணிக்கையைக் குறைத்தால் ஒவ்வொரு சொல்லின் தலையிலும் வேலை கூடுகிறது. 'கெட்', 'புட்', 'டேக்' ஆகியவற்றின் பின்னால் 'ஆன்', 'ஆஃப்', 'அவுட்', 'அப்' என்று ஒட்டும் சிறு சொற்கள் மாறமாறப் பொருள் முழுவதும் மாறிவிடுவதால், எளிய பட்டியல் அவளுக்கு மிகக் கடினமான பட்டியலாயிற்று. மகளுக்கு, 2000-ஆம் ஆண்டில் வெளிவந்த 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைக்கும் வடிவங்களும் ஒரு குடும்பம்) கொண்ட கல்விப்புலச் சொற்பட்டியலைக் கொடுத்தேன். அவள் ஒரு வாரம் படித்துவிட்டு, "அப்பா, கட்டுரை எழுத இது சரி, நாளைக்கு நேர்காணலுக்குப் போய், வேலைக்கு எப்படி வந்து போவாய் என்று கேட்டால் பதில் சொல்ல இதில் ஒன்றுகூட இல்லை" என்றாள். இரண்டு பட்டியல்களும் நல்லவையே. நாங்கள் போக வேண்டிய ஊர் வேறு.

இனி பெட்டி. செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மன் இதழாளர் 1972-இல் விளக்கிய முறை இது. சொல் அட்டைகளை ஐந்து அறைகளில் வைக்க வேண்டும். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்கு நகரும். தவறினால் எந்த அறையில் இருந்தாலும் முதல் அறைக்குத் திரும்பும். பின்னறைகளை அரிதாகத் திறந்தால் போதும். கேட்டவுடன் எனக்குப் பிடித்தது, இதை மரத்தில் செய்யலாம் என்பதால்தான்.

22 அங்குலத்துக்கு 28 அங்குலம் உள்ள சார்ட் அட்டையைப் பெரிய கடை வீதியில் தாள் 12 ரூபாய் என்று வாங்கினேன். 110 மி.மீ. நீளம், 70 மி.மீ. அகலம் என்று வெட்டினால் ஒரு தாளில் சரியாக 50 அட்டைகள் வரும். ஓரத்தில் ஒரு சென்டிமீட்டர்தான் வீண். முதல் எட்டுத் தாள்களைக் கத்தரியால் நானே வெட்டினேன். அது பெரும் தவறு. கையால் வெட்டிய அட்டைகளில் மூன்று நான்கு மில்லிமீட்டர் ஏற்ற இறக்கம் இருந்தது. விரலால் தள்ளித் தள்ளிப் பார்க்கும்போது, குட்டையான அட்டை உயரமான இரண்டுக்கு நடுவில் ஒளிந்து, கைக்கே வராமல் போய்விடுகிறது. இப்படி ஒளிந்த அட்டைகள் இரண்டு வாரத்தில் மகளின் பெட்டியில் மட்டும் 17. அடுத்த 16 தாள்களை அச்சகத்தில் கொடுத்துக் கட்டிங் மெஷினில் வெட்டி வாங்கினேன். கூலி 40 ரூபாய், பத்து நிமிட வேலை.

பெட்டிக்கு 6 மி.மீ. பிளைவுட், அறைத் தடுப்புகளுக்கு 3 மி.மீ. பிளைவுட். வெட்டிய 100 அட்டைகளை அடுக்கி அழுத்தி வெர்னியரில் அளந்தபோது 24 மி.மீ. இருந்தது. அதை வைத்து அறைகளை முறையே 25, 40, 60, 80, 95 மி.மீ. என்று பிரித்தேன், நான்கு தடுப்புகளையும் சேர்த்து உள்நீளம் 312 மி.மீ. உட்புற உயரம் 50 மி.மீ.; அட்டையின் மேல் 20 மி.மீ. வெளியே நீட்டிக்கொண்டு, விரலுக்குப் பிடி கிடைக்கும். ஃபெவிக்கால் தடவி, சி-கிளாம்பில் ஓர் இரவு இறுக்கி வைத்தது போதுமானதாக இருந்தது, ஆணி அடிக்கவில்லை.

உள்அகலத்தில் கோட்டை விட்டேன். 110 மி.மீ. அட்டைக்கு 111 மி.மீ. விட்டிருந்தேன். இரும்பு வேலைக்குப் பழகிய கண்ணுக்கு ஒரு மில்லிமீட்டர் தாராளம். ஐப்பசி மழையில் அட்டைகள் ஈரம் ஏறிச் சற்று நெளிந்ததும், மூன்று பெட்டிகளிலும் அட்டைகள் இறுகி, ஒன்றை இழுத்தால் நான்கு வந்தன. பெட்டியைப் பிரிக்க முடியாது. ஆகவே எழுதி முடித்த அட்டைகளையே மறுபடி அச்சகத்துக்கு எடுத்துப்போய், இன்னொரு 40 ரூபாய் கொடுத்து, நீளத்தில் 2 மி.மீ. குறைத்தேன். ஓரம் வரை நெருக்கி எழுதும் பழக்கம் தங்கைக்கு உண்டு. அவளுடைய அட்டைகள் சிலவற்றில் கடைசி எழுத்தும் வெட்டோடு போயிற்று.

அட்டையில் என்ன எழுதுவது என்பதில்தான் அதிகக் காலம் செலவானது. முதல் சுற்றில் முன்பக்கம் ஆங்கிலச் சொல், பின்பக்கம் தமிழ்ப் பொருள், அதன் கீழே உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் என்று எழுதினோம். இந்த மூன்றில் இரண்டு தவறு.

உச்சரிப்பை முதலில் சொல்கிறேன். மருத்துவமனைக்கு நாள்தோறும் வேண்டிய இரண்டு சொற்கள், கட்டண ரசீதும் மாத்திரையும். இரண்டின் கீழும் தங்கை 'பில்' என்றே எழுதியிருந்தாள்; தமிழ் எழுத்தில் வேறு எப்படி எழுத முடியும்? தமிழ் தெரியாத ஒருவர் மேசைக்கு வந்து மாத்திரை எங்கே வாங்குவது என்று ஆங்கிலத்தில் கேட்க, இவள் பணம் கட்டும் சன்னலைக் காட்டியிருக்கிறாள். முதுகு, பை, பொட்டலம் ஆகிய மூன்றுக்கும் அவளிடம் இருந்த ஒரே எழுத்து 'பேக்'. இந்தப் பதிவிலும் நான் தமிழ் எழுத்தில்தான் எழுதுகிறேன் என்பதால், படிப்பவர்களுக்கே இந்தச் சிரமம் புரிந்திருக்கும். எனவே தமிழ் உச்சரிப்பை அடியோடு விட்டுவிட்டு, கைப்பேசி அகராதியில் ஒலியை மூன்று முறை கேட்பது, அட்டையின் ஆங்கிலச் சொல்லில் அழுத்தம் விழும் இடத்தின் கீழ் சிவப்புப் பேனாவால் ஒரு புள்ளி வைப்பது என்று மாற்றினோம்.

அடுத்தது, பக்கம். முன்பக்கம் ஆங்கிலம் இருந்தால், பார்த்தவுடன் பொருள் தெரிகிறது. ஆனால் வாயில் வருவதில்லை. மகளுக்கு 61-க்கும் 44-க்கும் இருந்த இடைவெளி இதுவே. எனவே முன்பக்கத்தில் ஒரு தமிழ்ச் சூழல், பின்பக்கத்தில் முழு ஆங்கில வாக்கியம், அதில் கற்க வேண்டிய சொல்லுக்கு மட்டும் அடிக்கோடு என்று திருப்பினோம். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு சொல். வாக்கியம் எட்டுச் சொற்களுக்கு மேல் போகக்கூடாது. போனால் சொல்லை விட்டுவிட்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்யத் தொடங்கிவிடுகிறார்கள்.

சொற்கள் எங்கிருந்து வரும் என்பதற்கும் அப்போதுதான் விடை கிடைத்தது. தங்கை தன் சேலை மடிப்பில் ஒரு சிறு குறிப்புச் சீட்டு வைத்துக்கொண்டு, அன்று தன்னைத் தடுக்கிய சொற்களை மட்டும் குறித்து வருவாள். அவற்றில் பாதிக்குமேல் அவளுக்கு ஏற்கெனவே 'தெரிந்த' சொற்கள். பரிசோதனைக்கு 'ஸ்டூல்' கொண்டு வரச் சொல்லும்படி உள்ளிருந்து குறிப்பு வந்தபோது, அவள் வந்தவருக்கு உட்காரும் முக்காலியை எடுத்துப் போட்டதை அவளே சிரித்துக்கொண்டு சொன்னாள். அந்தச் சொல்லுக்கு மலம் என்ற பொருளும் உண்டு என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. 'ஃபாஸ்டிங்' என்பதை வேகத்தோடு சேர்த்து வைத்திருந்தாள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை பார்ப்பது என்று தெரிந்ததும், அட்டையின் முன்பக்கத்தில் 'நாளைக் காலை ஒன்றும் சாப்பிடாமல் வாருங்கள்' என்று எழுதினாள். 'அட்மிட்' என்றால் படுக்கையில் சேர்ப்பது மட்டுமன்று, தவற்றை ஒப்புக்கொள்வதும்தான். 'கம்ப்ளெயிண்ட்' என்று மருத்துவர் கேட்டால், யார்மீது புகார் என்று கேட்கவில்லை, உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்கிறார். 'பேஷண்ட்' நோயாளி, அதே எழுத்துகளில் பொறுமைசாலியும்கூட. 'சீரியஸ்' என்றால் நம் ஊரில் உயிர் பிழைப்பது கடினம் என்று பொருள். ஆங்கிலத்தில் அதற்கு இன்னும் அகன்ற இடம் உண்டு என்பதால், அந்த ஒரு சொல்லுக்கு மூன்று அட்டைகள் தனித்தனியாக எழுதினோம்.

மகளின் அட்டைகளிலும் இதே கதைதான், இன்னும் நுட்பமாக. அவள் போன நேர்காணல்களில் சில, வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைகளுக்கானவை. படித்து முடித்ததை 'பாஸ் அவுட்' என்று சொல்வது இங்கே எல்லாருக்கும் புரியும். பிரிட்டனில் இருப்பவர் காதில் அது மயங்கி விழுந்ததாக விழும். ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் 'ஐ ஹேவ் எ டவுட்' என்று தொடங்குவது நம் வகுப்பறைப் பழக்கம்; அங்கே அது, நீ சொல்வதை நான் நம்பவில்லை என்ற தொனியைத் தரும். 'டவுட்' இருந்த இடத்தில் 'கொஸ்டின்' என்று மாற்றி எழுதிய அட்டையை அவள் ஏழு முறை தவறவிட்டாள். தெரியாத சொல்லைக் கற்பதைவிட, நாக்கில் ஊறிய சொல்லை இடம் மாற்றுவது மூன்று மடங்கு நேரம் பிடிக்கிறது என்பது என் குறிப்பேட்டுக் கணக்கு. 'டிஸ்கஸ்' என்பதன் பின்னால் 'அபவுட்' ஒட்டாமல் சொல்லவும் அப்படித்தான் ஆயிற்று.

என் அட்டைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பம்புக் கையேட்டில் 'பிளீட்' என்ற சொல்லைப் பார்த்து, இரத்தத்துக்கும் பம்புக்கும் என்ன உறவு என்று விழித்தவன் நான்; குழாயில் அடைபட்ட காற்றை வெளியேற்றுவது என்று பின்னர் தெரிந்தது. 'ஃப்ளஷ்' ஓரிடத்தில் அலசுவது, இன்னோரிடத்தில் மேற்பரப்போடு சமமட்டமாக இருப்பது. ஷாஃப்டின் 'எண்ட் பிளே', அதாவது நீளவாக்கில் முன்பின் அசைவு, எவ்வளவு என்று அளக்கச் சொன்ன வரியில் மட்டும் எனக்கு எந்தத் தடையும் இல்லை. பட்டறையில் நாங்களும் அதை 'ஆட்டம்' என்றுதானே சொல்கிறோம்.

இப்போது ஓட்டத்துக்கு வருகிறேன். முதல் சுற்றை ஒரு மாதத்தின் 3-ஆம் தேதி தொடங்கினோம். மகள் நாளுக்கு 20 புதிய அட்டைகள், தங்கை 10. முதல் அறை எல்லா நாளும். இரண்டாம் அறை இரட்டைப்படைத் தேதிகளில். மூன்றாம் அறை 4, 8, 12 என்று நாலின் மடங்குகளில். நான்காம் அறை 8, 16, 24-இல். ஐந்தாம் அறை 16-இல் என்று மாதக் காலண்டரில் எழுதி மாட்டினேன். பார்க்க ஒழுங்காக இருந்தது. 16-ஆம் தேதி, அட்டை இருந்த எல்லா அறைகளும் ஒரே நாளில் வாய் திறந்தன. மகள் எடுத்து மேசையில் வைத்தது 143 அட்டைகள். அறுபதோடு எழுந்து போய்விட்டாள். மறுநாள் 17-ஆம் தேதி முதல் அறை மட்டும்தான். ஆனால் முந்தைய நாளின் 83 அட்டைகள் மீதி நின்றன. அந்த வாரத்தோடு எல்லாரும் நிறுத்திவிட்டோம்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலண்டரையும் பென்சிலையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது, இரண்டு தவறுகள் தெரிந்தன. ஒன்று, எண்ணிக்கை. ஓர் அட்டை ஒரு தடவைகூடத் தவறாமல் போனாலும் ஐந்து அறைகளில் ஐந்து முறை கைக்கு வரும். ஆகவே நாளுக்கு 20 புதிய அட்டை போட்டால், நாளாவட்டத்தில் நாளொன்றுக்குச் சராசரி 100 அட்டைகளைக் கேட்டாக வேண்டும், தவறியவை தனி. வாக்கியமாகச் சொல்ல ஓர் அட்டைக்கு 20 நொடி என்றால் அரை மணிக்கு மேல். சமையலும் வேலையும் உள்ள வீட்டில் இது நடக்காது. மகளுக்கு 4, தங்கைக்கு 3, எனக்கு 2 என்று குறைத்து, ஞாயிறன்று புதிய அட்டை கிடையாது என்று வைத்தோம். மகளுக்குத் தவறியவற்றையும் சேர்த்து நாளுக்கு 28 அட்டைகள் அளவில் வருகின்றன. பத்து நிமிடத்துக்குள் முடிகிறது.

இரண்டாவது தவறு தேதிகள். இரண்டாம் அறையை இரட்டைப்படைத் தேதிகளிலேயே வைத்துக்கொண்டு, மூன்றாம் அறையை 1, 5, 9, 13, 17, 21, 25, 29 ஆகிய தேதிகளுக்கும், நான்காம் அறையை 3, 11, 19, 27 ஆகிய தேதிகளுக்கும், ஐந்தாம் அறையை 7, 23 ஆகிய இரண்டு தேதிகளுக்கும் நகர்த்தினேன். இப்படி வைத்தால் எந்த நாளிலும் முதல் அறையோடு அதிகம் போனால் இன்னும் ஓர் அறைதான் திறக்கும். 15-ஆம் தேதியிலும் 31-ஆம் தேதியிலும் முதல் அறை மட்டுமே. ஐந்தாம் அறை மட்டும் மாதம் இருமுறை என்றாயிற்று; மற்ற இடைவெளிகள் மாறவில்லை, மோதல் போய்விட்டது. மாத முடிவில் ஓரிரு நாள் முன்பின்னாகும். அதை நாங்கள் பொருட்படுத்துவதில்லை. இந்தத் திருத்தத்துக்குப் பின் நான்கு மாதத்துக்கும் மேலாகப் பெட்டி நிற்கவில்லை. தங்கையிடம் இப்போது 260 அட்டைகள், மகளிடம் 370, என்னிடம் 140.

ஓடத் தொடங்கியபின் கண்டுபிடித்த கோளாறு ஒன்று உண்டு. தங்கையின் அட்டைகளில் ஒன்று, மூலையில் மஞ்சள்தூள் கறை பட்டது. அடுப்படியில் வைத்துப் படித்ததன் விளைவு. அந்த அட்டையை அவள் ஒருமுறைகூடத் தவறவிட்டதில்லை. சந்தேகப்பட்டு, அதே சூழலைப் புதிய அட்டையில் எழுதி நடுவில் செருகினேன், சொல்லத் தெரியவில்லை. அவள் நினைவில் வைத்திருந்தது சொல்லை அன்று, கறையை. பிறகு மூவர் பெட்டியிலும் தேடி, மடங்கியவை, மை கசிந்தவை, கிழிந்தவை என்று 31 அட்டைகளை மறுபடி எழுதினோம்; அவற்றுள் 12 அட்டைகள் முதல் அறைக்கே திரும்பின.

செலவு விவரம்: வெட்டி வாங்கிய 16 சார்ட் தாள்கள் 192 ரூபாய், இரண்டு முறை வெட்டுக்கூலி 80, பிளைவுட் துண்டுகள் 90, ஃபெவிக்கால் 50, பேனாக்கள் 60, பட்டியல் அச்செடுக்க 48, மொத்தம் 520 ரூபாய். கத்தரியால் கெடுத்த எட்டுத் தாள்கள் 96, மூன்று குறிப்பேடுகள் 135 என்று வீணானது 231 ரூபாய். என் வேலை நேரத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை; ஒரு பெட்டிக்கு இரண்டரை மணி ஆயிற்று.

அடுத்த பெட்டியில் உள்அகலத்தை 114 மி.மீ. என்று வைப்பேன். முதல் அறையை 25-இலிருந்து 40 மி.மீ. ஆக்குவேன், தவறிய அட்டைகள் எல்லாம் அங்கேதான் வந்து குவிகின்றன என்பதை வரையும்போது நினைக்கவில்லை. ஒரே பெட்டியில் மூவரின் அட்டைகளையும் மூன்று நிறங்களில் வைத்துப் பார்த்த முதல் வாரத்தை முற்றாகத் தவிர்ப்பேன். மகள் வேகமாக முடிப்பதைப் பார்த்துத் தங்கை பொய்யாகச் 'சரி' போட்டுக்கொண்டிருந்தாள். எழுபது சொல் சோதனையை, காதுக்கு ஒன்று, கண்ணுக்கு ஒன்று, வாய்க்கு ஒன்று என்று மூன்று நாளில் மூன்று முறை வைத்துவிட்டே அட்டை வெட்டப் போவேன். பொதுப் பட்டியலை இப்போதும் நாங்கள் தூக்கிப் போடவில்லை: சீட்டில் குறித்து வந்த சொல் அந்த 2800-க்குள் இருந்தால் அன்றே அட்டை, இல்லாவிட்டால், அது இரண்டாம் முறையும் மேசைக்கு வரட்டும் என்று காத்திருப்பு. 'ஸ்டூல்' இரண்டாம் முறை வர நான்கு நாள்கூட ஆகவில்லை.

எட்டு முறைக்கு மேல் தவறிய அட்டைகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் தனியாகப் போட்டிருக்கிறோம். மூவருடையதும் சேர்த்து 37. அவற்றைப் பிரித்துப் பார்த்தால், 22 அட்டைகள் 'கெட்', 'புட்', 'டேக்' குடும்பத்தைச் சேர்ந்தவை. வாக்கியத்தை மாற்றி எழுதினால் ஒட்டுமா என்று பார்க்க, தங்கையின் ஆறு அட்டைகளை மட்டும் எடுத்து, முன்பக்கத்தில் அவள் மேசையில் அன்று உண்மையாக நடந்ததை எழுதி, சென்ற திங்கட்கிழமை முதல் அறையில் மறுபடி வைத்திருக்கிறோம். இன்றைய நிலவரப்படி நான்கு அட்டைகள் இரண்டாம் அறைக்கு நகர்ந்திருக்கின்றன.